முதுகில் பதினேழு

முகக்கூண்டு இல்லாமல் ஆடிய முதல் ஆட்டத்திலேயே எஸ்கில் நூர்லிட்டுக்கு முன்பற்கள் இரண்டு போயின. பதினெட்டு வயது முடியும்வரை பையன்கள் முகம் முழுக்கக் கம்பிக்கூண்டு மாட்டித்தான் ஐஸ் ஹாக்கி ஆட வேண்டும். அவனுக்குப் பதினெட்டு முடிந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. மறுநாளே லூம்ஃபோர்ஸ் கிளப்பின் பெரியவர்கள் அணியில் ஒருவனுக்குத் தோள்பட்டை இறங்கிவிட்டது. எஸ்கிலைக் கூப்பிட்டு, மூக்குவரை மட்டும் மறைக்கும் கண்ணாடி வைத்த தலைக்கவசத்தைக் கொடுத்துத் தளத்தில் இறக்கிவிட்டார்கள். மூன்றாவது நிமிடத்தில், எதிரணிக்காரன் ஒருவன் திரும்பும்போது வீசிய மட்டை அவன் வாயில் இறங்கியது. வலி உடனே தெரியவில்லை. வாயில் ஏதோ கல் மாதிரி உருண்டது. துப்பினான். வெள்ளைப் பனியில் சிவப்பாகச் சிதறியதன் நடுவில் தன் பற்கள் கிடப்பதைப் பார்த்தான்.

அணித்தலைவன் யோர்கன் குனிந்து அவற்றைப் பொறுக்கித் தண்ணீர்க் குப்பிக்குள் போட்டான். "இந்தா, உங்கம்மாகிட்ட குடு. அவங்களுக்கும் வேலை வேணும்ல."

எஸ்கிலின் அம்மா குன்வோர் அரசுப் பல் மருத்துவமனையில் செவிலி. மறுநாள் காலை டாக்டர் வேரைப் பிடுங்கும்போது உமிழ்நீர் உறிஞ்சும் குழாயை மகன் வாயில் பிடித்துக்கொண்டு நின்றது அவள்தான்.

"தண்ணியிலயா போட்டு வச்சீங்க? விழுந்த பல்லப் பால்ல போடுங்கன்னு வருஷா வருஷம் ஸ்கூல் ஸ்கூலாப் போய்க் கத்துறேன். என் வீட்டுல பொறந்ததுக்கே ஏறல."

"ஐஸ்ல பாலுக்கு எங்கம்மா போறது?" என்று வாயில் பஞ்சோடு குழறினான்.

"அந்த ஸ்டூரே மூணு வேளையும் காபி குடிக்கிறாருல்ல, அதுல ஊத்துறது என்ன, சுண்ணாம்பா?"

ஸ்டூரே என்பவர் பயிற்சியாளர். மரம் அறுக்கும் ஆலையில் இருபது வருடம் வேலை பார்த்தவர். மேலுதட்டுக்கு அடியில் எப்போதும் ஒரு புகையிலைப் பொட்டலம் துருத்திக்கொண்டிருக்கும். அவர் பேசினாலே வைவது போலத்தான் இருக்கும்.

எஸ்கில் அதுவரை யாரையும் இடித்து ஆடியவன் இல்லை. நாலு வயதில் ஆற்றங்கரைத் தளத்தில் சறுக்கக் கற்றவன். அப்பா நார்வேக்கு எண்ணெய் வேலைக்குப் போய் அங்கேயே வேறு குடும்பமாகிவிட்ட பிறகு, பள்ளி விட்டால் பனி, பனி விட்டால் படுக்கை என்று வளர்ந்தான். தடுப்பாட்டக்காரன்தான் என்றாலும், தளத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடியில் ஓடுகிறவன் மட்டையில் ரப்பர் வட்டைக் கொண்டுபோய் வைப்பான். இளையோர் அணியில் அவனுக்குத் தபால்காரன் என்று பெயர். அந்தப் பெயர் அவனுக்குப் பிடித்திருந்தது.

நான்காவது ஆட்டம் முடிந்து ஸ்டூரே அவனை அறைக்குள் கூப்பிட்டார்.

"உன் எடை என்ன?"

"தொண்ணூத்தி நாலு."

"அதுல எவ்வளவ வீட்டுலயே வச்சிட்டு வர்ற?"

ஸ்டூரே காபியை ஒரு மிடறு குடித்தார்.

"பாஸ் போட எங்கிட்ட நாலு பேர் இருக்கான். இடிக்க ஒருத்தன் இல்ல. எதிர்ல வர்றவன் உன் பக்கம் வரவே யோசிக்கணும். அது முடிஞ்சா சட்டைய மாட்டு. முடியலன்னா பையன்களோட போய் ஆடு, கூண்டு போட்டுக்க."

டிசம்பரில் அது அவனால் முடிந்தது. கடற்கரை ஊர் அணி ஒன்று வந்திருந்தது. அவர்களுடைய முன்னாட்டக்காரன் தலையைக் குனிந்தபடி நடுக்கோட்டைத் தாண்டி வந்தான். எஸ்கில் முழங்காலை மடக்கி, தோளைத் தாழ்த்தி, எதிர்கொண்டு போய் மோதினான். மோதியது அவன் நெஞ்செலும்பில். விதிப்படி சரியான இடி. அந்த ஆள் கால் இரண்டும் மேலே போக, முதுகடித்து விழுந்தான். மட்டை ஒரு பக்கம், கையுறை ஒரு பக்கம். தகரக் கூரை போட்ட அந்தக் கொட்டகையில் ஆயிரத்து எண்ணூறு பேர் ஒன்றாக எழுந்து கத்தினார்கள். அந்தச் சத்தம் காது வழியாக வரவில்லை, ஸ்கேட் கத்தி வழியாகக் காலில் ஏறி வந்தது என்று எஸ்கில் பின்னொரு நாள் சொன்னான். உடம்பெல்லாம் சிலிர்த்தது. இன்னொரு தடவை வேண்டும் போலிருந்தது.

இன்னொரு தடவை கிடைத்தது. அப்புறம் ஆட்டத்துக்கு ஆறு ஏழு தடவை. பொங்கலுக்குப் பானை வைத்தது போல அவனுக்குள் ஏதோ பொங்கிக்கொண்டே இருந்தது. ஜனவரியில் ஒருவனுக்கு விலா, ஒருவனுக்குக் காரை எலும்பு. அவனுக்கும் கிடைத்தது: வலது கைச் சுண்டுவிரல் முறிந்தது, புருவம் கிழிந்து ஏழு தையல், தொடையில் கத்தரிக்காய் நிறத்தில் ஒரு கன்றல். தையல் போட்ட நூல் தொங்கத் தொங்க ஆட்டத்தின் அடுத்த பகுதிக்கு இறங்கினான். கூட்டம் அவனுக்குப் புதுப் பெயர் வைத்தது: சம்மட்டி. மேல் வரிசையில் ஒருவன் தகர டப்பாவைத் தட்ட, மற்றவர்கள் "சம்மட்டி! சம்மட்டி!" என்று தாளம் போடுவார்கள். கடையில் இறைச்சிப் பகுதிக்காரன் கேட்காமலே தொத்திறைச்சியைக் கூடுதலாக வெட்டிப் போட்டு, "தின்னுட்டு சனிக்கிழமை ரெண்டு பேரப் படுக்க வைடா" என்றான்.

அம்மா மட்டும் ஆட்டத்துக்கு வருவதை நிறுத்திவிட்டாள். கேட்டதற்கு, "வாரம் பூரா வாயத் தொறந்து ரத்தம் பாக்குறேன். சனிக்கிழமையாவது லீவு வேணும்" என்றாள்.

பிப்ரவரி கடைசியில் டால்மோ அணி வந்தது. டால்மோ ஆற்றோரமாகவே நூற்றிருபது கிலோமீட்டர் கீழே இருக்கிற ஊர். இரண்டு ஊருக்கும் ஆகாது; யார் தொடங்கியது என்று இரண்டு ஊருக்கும் தெரியாது. டால்மோவுக்குப் பச்சைச் சட்டை. அவர்களுடைய பதினேழாம் எண்காரன் ஹோகன் ஸ்டென்மோ, முப்பத்து மூன்று வயது, குள்ளமான, எலி மாதிரி வேகமான ஆள். வெயில் காலத்தில் வீடுகளுக்கு மின்கம்பி இழுப்பான், பனிக்காலத்தில் ஆடுவான். பன்னிரண்டு வருடமாக லூம்ஃபோர்ஸ்காரர்களைக் கடுப்பேற்றி வந்தவன். அன்றும் இரண்டு கோல் போட்டிருந்தான். அவனுக்குக் காவலாக கிறிஸ்டர் என்று ஒரு மலை. முதல் பகுதியிலேயே கிறிஸ்டர் எஸ்கிலின் மணிக்கட்டில் மட்டையால் ஓங்கிப் போட்டான். நடுவர் பார்க்கவில்லை.

இரண்டாவது இடைவேளையில் ஸ்டூரே உடைமாற்றும் அறையின் நடுவில் நின்று, குரலை உயர்த்தாமல் கேட்டார்: "அந்தப் பதினேழு ரெண்டு போட்டுட்டான். இன்னமும் ரெண்டு கால்ல நிக்கிறான். எப்படி நிக்கிறான்?"

எல்லோரும் எஸ்கிலைப் பார்த்தார்கள்.

மூன்றாவது பகுதி, ஆறாவது நிமிடம். வட்டு மூலைக்கு ஓடியது. ஹோகன் அதை எடுக்கப் போனான். பலகைச் சுவரை நோக்கி முகம், தளத்தை நோக்கி முதுகு. எஸ்கில் பத்து மீட்டர் தள்ளி வந்துகொண்டிருந்தான். பச்சைச் சட்டையில் வெள்ளை எழுத்தில் பதினேழு தெளிவாகத் தெரிந்தது. ஒன்று என்ற இலக்கத்தில் கொஞ்சம் சாயம் உரிந்திருந்தது, அதுகூடத் தெரிந்தது. முதுகைக் காட்டுகிறவனை இடிக்கக் கூடாது. ஆறு வயதுப் பிள்ளைக்குச் சொல்லித்தருவது அது. எஸ்கில் இன்னும் இரண்டு தள்ளு தள்ளி வேகம் கூட்டினான்.

தலைக்கவசம் பலகையில் மோதிய சத்தம் துப்பாக்கி வெடித்தது போல இருந்தது. ஹோகனின் கழுத்து பின்னுக்கு மடிந்து திரும்பியது. ஆள் அப்படியே சரிந்து விழுந்தான். கூட்டம் முதலில் கத்தியது. பிறகு, ஹோகனின் இடது கால் தானாக உதைத்துக்கொள்வதை முன்வரிசை பார்த்தது, சத்தம் வரிசை வரிசையாக அடங்கியது. ஸ்கேட் கத்தி பனியைச் சுரண்டும் ஒலி மட்டும் கேட்டது.

அந்த அமைதியில்தான் கிறிஸ்டர் வந்தான். கையுறையை உதறிவிட்டு, எஸ்கிலின் தலைக்கவசத்தைப் பிய்த்து எறிந்து, இடது கையால் சட்டைக் கழுத்தைப் பிடித்துக்கொண்டு வலது கையால் அடித்தான். எஸ்கில் கையைத் தூக்கவில்லை. மூக்கெலும்பு நொறுங்கியது அவனுக்கே கேட்டது. நடுவர்கள் இரண்டு பேர் தொங்கிப் பிரிப்பதற்குள் ஏழெட்டு விழுந்துவிட்டது. இரண்டு பேரையும் வெளியேற்றினார்கள். உடைமாற்றும் அறையில் மூக்கில் துண்டை அழுத்திக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தபோது, தூக்குப்படுக்கையின் சக்கரங்கள் சிமெண்டு நடையில் கடகடவென்று உருண்டு போவதைக் கேட்டான்.

போட்டி நடத்தும் சங்கத்தின் ஒழுங்குக் குழு எழுத்தில் விளக்கம் கேட்டது. கிளப்பின் விளையாட்டு நிர்வாகி மாட்ஸ் ஊலா அதைத் தானே தட்டச்சு செய்து கொண்டுவந்தார். 'கடைசி நொடியில் எதிராளி திரும்பிவிட்டார். நிறுத்த எனக்கு நேரம் இல்லை.' ஆட்டத்தைப் படம் பிடித்த கேமராவுக்கும் மூலைக்கும் நடுவில் அந்த நொடியில் நடுவரின் முதுகு இருந்தது. எஸ்கில் கையெழுத்துப் போட்டான். நான்கு ஆட்டத் தடை. பயிற்சிக்குப் போனபோது யோர்கன் முதுகில் அறைந்து, "நாலுதான்! தப்பிச்சடா சம்மட்டி!" என்றான். அறையே கை தட்டியது.

மூன்று வாரம் கழித்து, சாப்பிடும் மேசையில் அம்மா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே கேட்டாள்:

"அந்த ஆளப் போய்ப் பாத்தியா?"

"போகக் கூடாதுன்னு கிளப்ல சொல்லிட்டாங்கம்மா."

"ஓ. கிளப்ல சொல்லிட்டாங்க." ஒரே கிழங்கை உரித்த இடத்திலேயே மறுபடியும் உரித்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவன் காரை எடுத்தான். அம்மா இலவங்கப்பட்டை ரொட்டிகளை ஒரு பையில் போட்டுக் கொடுத்திருந்தாள். டால்மோவில் அந்த மஞ்சள் மரவீட்டின் முன்னால் நின்றபோது, கையில் ரொட்டிப் பையோடு கதவைத் தட்டுவது கேவலமாகப் பட்டது. காரிலேயே விட்டுவிட்டுப் போனான்.

கதவைத் திறந்தது ஹோகனின் மனைவி அன்-சோஃபி. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். உள்ளேயிருந்து, "யாரு?" என்று குரல் வந்தது.

"அவன்தான்" என்றாள்.

உள்ளேயிருந்து மறுபடி, "வரச் சொல்லு."

"ஷூவக் கழட்டு" என்றாள் எஸ்கிலிடம். அவ்வளவு வெறுப்பிலும் அதை விடவில்லை.

உள்ளே திரைகள் எல்லாம் மூடியிருந்தன. ஹோகன் சோபாவில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பதினைந்து கிலோ குறைந்தவன் போலிருந்தான். வீட்டில் குழந்தைச் சத்தமே இல்லை. ஓடியாடும் சத்தத்துக்கே அப்பா வாந்தியெடுக்கிறார் என்று மகளைச் சித்தி வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். எஸ்கில் ஓட்டை விழுந்த காலுறையோடு விரிப்பின் ஓரத்தில் நின்றான்.

"நான்... எப்படி இருக்கீங்கன்னு பாத்துட்டு..."

"எனக்கு அந்த நாளே இல்ல" என்றான் ஹோகன். ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்து வைத்தான். "காலைல கஞ்சி குடிச்சேன். அப்புறம் ஆஸ்பத்திரிக் கூரை. நடுவுல ஒண்ணும் இல்ல. நான் திரும்பினேன்னு பேப்பர்ல போட்டிருக்கு. எங்க ஊர்க்காரனே வந்து, ஏன்டா திரும்பினன்னு கேக்குறான். பன்னெண்டு வருஷம் ஆடினவனுக்கு அது தெரியாதாங்கிறான். நீ பக்கத்துல இருந்தவன். சொல்லு. நான் திரும்பினேனா?"

மாட்ஸ் ஊலா எழுதிய இரண்டு வரியும் மனப்பாடமாக எஸ்கிலின் நாக்கில் தயாராக இருந்தன.

"இல்ல" என்றான்.

"என்ன இல்ல?"

"நீங்க திரும்பல. முதல்லேருந்தே முதுகுதான் தெரிஞ்சுது. நம்பரப் பாத்தேன்."

"நிறுத்த நேரம் இருந்துச்சா?"

"இருந்துச்சு. நிறுத்தல. இன்னும் வேகமா வந்தேன்."

அன்-சோஃபியின் கையில் காபிக் கோப்பை இருந்தது. அவள் வீசியதை அவன் பார்க்கவில்லை. அது ஆறி முடியாத மூக்கில் பட்டு, பின்னால் இருந்த அலமாரியில் மோதிச் சில்லுச் சில்லாக உடைந்தது. எஸ்கிலின் கண் இருண்டது. ரத்தம் உதட்டில் இறங்கி விரிப்பில் சொட்டியது. "நாயே! கையெழுத்துப் போட்டியேடா! எம்புருஷன் மேல பழியப் போட்டு கையெழுத்துப் போட்டியே!" என்று அவள் அலறினாள்.

ஹோகன் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு முழங்காலுக்குள் தலையைப் புதைத்தான். "சோஃபி... சத்தம் வேணாம்... சோஃபி..." என்று முனகினான். அவள் சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். முழந்தாளிட்டு, ஒலியே எழாமல், ஒவ்வொரு சில்லாகப் பொறுக்கத் தொடங்கினாள். எஸ்கிலும் குனிந்து பொறுக்கினான். அவள் தடுக்கவில்லை. அழுதுகொண்டே பொறுக்கினாள்.

அவன் ஷூ மாட்டும்போது உள்ளேயிருந்து ஹோகன் கேட்டான்: "ஏன் செஞ்ச?"

"எல்லாரும் கத்துவாங்க" என்றான் எஸ்கில். "எனக்கு அது பிடிச்சிருந்துச்சு."

அன்-சோஃபி அவனுக்குப் பின்னால் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.

எஸ்கில் காரில் உட்கார்ந்து, மூக்குக்குக் கீழே ரொட்டிப் பையின் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு, ஒழுங்குக் குழுவுக்குக் கைபேசியிலேயே எழுதினான். நாலு வரி. முன்பு கொடுத்த விளக்கம் பொய், எதிராளி திரும்பவில்லை, நான் பார்த்தேன், நிறுத்தவில்லை. அனுப்பிவிட்டுத்தான் வண்டியைக் கிளப்பினான்.

நான்கு ஆட்டம் பதினாறு ஆனது. அந்த வருட ஆட்டம் அவனுக்கு அதோடு முடிந்தது. மாட்ஸ் ஊலா பதவியை விட்டு விலக வேண்டியதாயிற்று. ஸ்டூரே அவனை அறைக்குள் கூப்பிடவில்லை, எல்லோர் முன்னாலும் கேட்டார்: "யாரக் கேட்டு எழுதின?"

"யாரையும் கேக்கல."

"உன்னக் காட்டிக்குடுத்துட்டதா நெனைக்கிறியா? எங்க எல்லாரையும் காட்டிக்குடுத்துட்ட."

தடை இருந்தாலும் பயிற்சிக்கு வர வேண்டும். வந்தான். முதல் நாள் ஸ்கேட் கயிறுகள் வெட்டப்பட்டிருந்தன. இரண்டாம் நாள் மட்டையை ரம்பத்தால் முக்கால்வாசி அறுத்து வைத்திருந்தார்கள். அடித்ததும் முறிந்து ஈட்டி மாதிரி அவன் தொடையில் குத்தியது. மூன்றாம் நாள் பயிற்சி ஆட்டத்தில் யோர்கன், வட்டு எங்கோ கிடக்க, நேராக வந்து அவனைப் பலகையோடு சேர்த்து நசுக்கினான். இரண்டு விலா. ஸ்டூரே விசில் ஊதவில்லை.

"இப்போ கடிதாசி எழுதுடா, தபால்காரா" என்று காதருகில் சொல்லிவிட்டுப் போனான் யோர்கன்.

எஸ்கில் எழுந்தான். மறுநாளும் போனான். விலாவில் கட்டுப் போட்டுக்கொண்டு, மூச்சை இழுக்க முடியாமல், ஓரத்தில் தனியாகச் சறுக்கினான். வீட்டில் அம்மா அவன் விலாவை விரலால் தொட்டுப் பார்த்து, "இது யாரு, டால்மோக்காரனா?" என்று கேட்டாள்.

"நம்ம ஆளுங்கதான்."

"அந்த யோர்கனுக்குக் கடவாய்ப்பல் எடுக்கணும், வர்ற வாரம் வர்றான்" என்றாள். சிரிக்கவில்லை.

அடுத்த இலையுதிர் காலத்தில் தடுப்பாட்டக்காரர் பற்றாக்குறை. வேறு வழியில்லாமல் ஸ்டூரே அவனை மறுபடி எடுத்தார். இரண்டாவது வாரமே டால்மோவில் ஆட்டம். தளத்தில் இறங்கியதும் கூட்டம் "கொலைகாரா" என்று கத்தியது. ஒருவன் எறிந்த பேட்டரி தலைக்கவசத்தில் பட்டுத் தெறித்தது. முதல் நிமிடத்திலேயே கிறிஸ்டர் வந்து எதிரில் நின்றான்.

"கையுறையக் கழட்டு."

"கழட்டினா ரெண்டு பேரையும் வெளிய அனுப்பிடுவாங்க."

"தெரியும். கழட்டு."

இந்தத் தடவை எஸ்கில் கையைத் தூக்கினான். இரண்டு பேரும் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு, சுழன்று சுழன்று, முகத்தில் மாறி மாறி அடித்துக்கொண்டார்கள். எஸ்கிலின் கன்னத்தெலும்பில் விரிசல் விட்டது. கிறிஸ்டரின் புருவம் வாய் பிளந்தது போலத் திறந்துகொண்டது. கைமுட்டி வழுக்கும் அளவுக்கு ரத்தம். கடைசியில் இருவரும் சேர்ந்தே விழுந்தார்கள். விழுந்த பிறகும் கிறிஸ்டர் ஒன்று போட்டான்.

அந்த அரங்கில் ஒரே மருத்துவர், ஒரே கட்டில். அதில் இருவரையும் அருகருகே உட்காரவைத்தார். கிறிஸ்டருக்குத் தையல் ஓடும்போது, அவன் சுவரைப் பார்த்தபடி பேசினான்.

"சைக்கிள் ஓட்டுறான்."

"யாரு?"

"யாரு, ராஜாவா? ஹோகன்தான். பொண்ணு வீட்டுக்கு வந்துட்டா. கண்ணாடிய எடுத்துட்டான். ஐஸ் மேல ஏற மாட்டான். ஏணியிலயும் ஏற முடியாது, தலை சுத்துது. அப்போ கம்பி இழுக்குற வேலை போச்சு. ஸ்கூல்ல கத்துக்குடுக்கப் போறான்."

எஸ்கில் தலையைக் குனிந்துகொண்டான். கன்னம் வீங்கி ஒரு கண் மூடிவிட்டிருந்தது.

"ஊர்ல இப்போ யாரும் அவனக் கேக்குறதில்ல, ஏன் திரும்பினன்னு" என்றான் கிறிஸ்டர். "அதுக்காக உன்ன விட்டுடுவேன்னு நெனைக்காத. ஜனவரியில நாங்க அங்க வர்றோம்."

"வாங்க" என்றான் எஸ்கில்.

"ஆடாதீங்கய்யா, ஊசி குத்திடும்" என்றார் மருத்துவர்.

ஜனவரியிலும் அடித்துக்கொண்டார்கள். எஸ்கில் இடிப்பதை விடவில்லை. நெஞ்சைக் காட்டி வருகிறவனைப் பழையபடியே படுக்கவைத்தான். முதுகைக் கண்டால் மட்டும் விலகி மட்டையால் வட்டைத் தேடினான். மேல் லீக்குக்குத் தகுதி பெறும் ஆட்டத்தில் இரண்டு நிமிடம் பாக்கி, ஆட்டம் சமநிலை. மூலையில் எதிரணியின் முப்பத்து நாலாம் எண்காரன் முதுகைக் காட்டி நின்றான். எஸ்கில் விலகினான். அந்த எண்காரன் வட்டை நடுவில் நின்றவனுக்குத் தட்டிவிட, அவன் கோல் போட்டான். லூம்ஃபோர்ஸ் தோற்றது. உடைமாற்றும் அறையில் யோர்கன் எறிந்த முழுக் குப்பி எஸ்கிலின் காதோரத்தில் பட்டது. ஸ்டூரே புகையிலைப் பொட்டலத்தைக் குப்பைத்தொட்டியில் துப்பிவிட்டு வெளியே போனார்.

அந்த ஆட்டத்தைப் பார்க்க வந்திருந்த தெற்குக் கிளப் ஒன்றின் ஆள், எஸ்கில் போட்ட பாஸ்களைக் கணக்கெடுத்துக்கொண்டு போயிருந்தார். மே மாதம் எஸ்கில் தெற்கே போனான். இருபது வயதில் பெரிய லீக்கில் இறங்கினான். மூன்றாவது தடுப்பாட்ட இணையில் ஆடினான், சில நாள் பெஞ்சில் உட்கார்ந்தான். அந்தக் கன்னம் குளிர் நாளில் இன்னும் வலிக்கும்.

ஹோகனை அதன் பிறகு ஒரு தடவைதான் பார்த்தான். கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகும் வழியில், டால்மோ பெட்ரோல் நிலையத்தில். ஹோகன் மகளோடு ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு வெளியே வந்தான். இருவரும் பார்த்துக்கொண்டார்கள். ஹோகன் சிரிக்கவில்லை, தலையசைக்கவும் இல்லை. எஸ்கிலின் காரின் பின்பக்கம் பார்த்துவிட்டு, "அந்தச் சக்கரத்துல காத்து கம்மி" என்று சொல்லிவிட்டு, மகள் கையைப் பிடித்துக்கொண்டு சாலையைக் கடந்து போனான். எஸ்கில் வண்டியைக் காற்றடிக்கும் இடத்துக்கு நகர்த்தினான்.